சட்டம் கற்பிப்போர் நின்று பார்க்கலாமா?



நல்ல சமாரியர் உவமையை நாம் எல்லாரும் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் நடித்தும் காட்டியிருக்கிறோம். ஆனால் ஆண்டவர் அந்த உவமையை யாரிடம் சொன்னார் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கேள்வி கேட்டவர் ஒரு திருச்சட்ட அறிஞர் (லூக் 10:25). சட்டத்தைக் கற்றவர், பிறருக்கு விளக்கிச் சொல்பவர். திருச்சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இயேசு திருப்பிக் கேட்டபோது தயங்காமல் சரியான பதிலைச் சொல்கிறார். தேர்வு என்று வைத்துக்கொண்டால் முழு மதிப்பெண். அதற்குப் பிறகுதான் இயேசு கதையைத் தொடங்குகிறார். அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் மறுபக்கமாக விலகிப் போன குருவுக்கும் லேவியருக்கும்கூடச் சட்டம் தெரியாமல் இல்லை. அவர்களும் கற்றவர்கள்தான்.

இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொண்டு, சட்டக் கல்வியைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன். எங்கள் கல்பாக்கம் பகுதியில் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தால் பெற்றோர் முதலில் நினைப்பது பொறியியலைத்தான். 1971-இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையமும் அதன்பின் வந்த அணுமின் நிலையமும் கண்ணெதிரே இருக்கும்போது அது இயற்கைதான். ஆனால் அண்மை ஆண்டுகளில், "ஃபாதர், பிள்ளை சட்டம் படிக்கணும்ங்கிறான். படிக்க வைக்கலாமா?" என்று கேட்டு வருகிற பெற்றோர் கூடியிருக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் இதில் உண்டு. நமக்கு அருகிலேயே இரண்டு அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்று செங்கல்பட்டில், 2002-இல் தொடங்கப்பட்டது. நமது செங்கல்பட்டு மறைமாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். மற்றொன்று கேளம்பாக்கத்துக்கு அருகில் புதுப்பாக்கத்தில் இருக்கிறது. இந்தப் புதுப்பாக்கம் கல்லூரி எப்படி இங்கு வந்தது என்ற வரலாற்றைப் பிள்ளையைச் சட்டம் படிக்க அனுப்பும் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இல் தொடங்கப்பட்டது. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் நடந்தது. தமிழகத்தின் எத்தனையோ நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அரசியல் தலைவர்களும் அங்கே படித்தவர்கள். பிற்காலத்தில் அதற்கு டாக்டர் அம்பேத்கரின் பெயர் சூட்டப்பட்டது. பொருத்தமான பெயர். அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் என்று மட்டும்தான் அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்பு 1935 முதல் 1938 வரை பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர் அவர். அதாவது, சட்ட ஆசிரியர்.

2008 நவம்பர் 12. தேர்வுக் காலம். அந்தக் கல்லூரி வளாகத்துக்குள் சாதியால் பிரிந்து நின்ற இரண்டு மாணவர் குழுக்கள் உருட்டுக்கட்டைகளாலும் இரும்புக் கம்பிகளாலும் கத்தியாலும் மோதிக்கொண்டன. கீழே விழுந்து அசைவற்றுக் கிடந்தவரையும் விடாமல் அடித்தார்கள். ஒரு சுவரொட்டியில் கல்லூரியின் பெயரை அச்சிட்டபோது அம்பேத்கரின் பெயரை விட்டுவிட்டது அந்தப் பகைக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. கல்லூரி வாசலில் காவல்துறையினர் நின்றுகொண்டிருந்தார்கள். முதல்வரின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது என்பது பின்னர் சொல்லப்பட்ட காரணம். தொலைக்காட்சிக் கேமராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தன. அன்று மாலை தமிழ்நாடே வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தது. முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார். ஓய்வு பெற்ற நீதிபதி சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கல்லூரியை அந்த இடத்திலிருந்து மாற்றுவது என்ற முடிவுக்கு அந்த ஆணையத்தின் பரிந்துரையும் ஒரு காரணமாயிற்று. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஆயினும் 2018-இல் கல்லூரி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி திருவள்ளூர் மாவட்டம் பட்டறைப்பெரும்புதூருக்கும், மற்றொரு பகுதி நம் புதுப்பாக்கத்துக்கும் வந்து சேர்ந்தது.

அந்த மாணவர்களைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. சாதி வெறி அவர்களோடு கல்லூரியில் பிறக்கவில்லை. நம் ஊர்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் அவர்கள் சுமந்து போனது அது. நம் கல்லறைத் தோட்டங்களிலும் தேர்த் திருவிழாக்களிலும் அது இல்லை என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா? ஆகவே அதை இங்கு நான் பெரிதாகப் பேசப் போவதில்லை. என்னை உறுத்துவது அந்த 'நின்று பார்த்தது'தான். ஒரு மனிதன் அடிபடுகிறான். பொறுப்பில் இருப்பவர்கள் அனுமதிக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். விதி எண் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கு நூற்றுக்கணக்கான சட்ட மாணவர்கள் தங்கள் கல்வியின் மிக முக்கியமான பாடத்தைக் கற்றார்கள். அதை எந்தப் பேராசிரியரும் கரும்பலகையில் எழுதவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலில் இதற்கு இணையான ஒரு காட்சி உண்டு. கமாலியேல் என்ற திருச்சட்ட ஆசிரியர் மக்கள் எல்லாராலும் மதிக்கப்பட்டவர். திருத்தூதர்களைக் கொல்ல வேண்டும் என்று தலைமைச் சங்கம் கொதித்தபோது, தனி ஒருவராக எழுந்து நின்று, அவர்களை விட்டுவிடுங்கள் என்று காரண காரியத்தோடு பேசியவர் (திப 5:34-39). சட்டம் கற்பிப்பவர் தலைமை தாங்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு விவிலியத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருடைய காலடியில் அமர்ந்து படித்த மாணவர் ஒருவர் இருந்தார். ஸ்தேவானைக் கல்லால் எறிந்து கொன்றபோது அந்த மாணவர் கல் எறியவில்லை. எறிந்தவர்களின் மேலுடைகளைக் காவல் காத்துக்கொண்டு நின்று பார்த்தார். அவர்தான் சவுல். தாம் அங்கே உடனிருந்து அதற்கு உடன்பட்டதைப் பிற்காலத்தில் பவுலாக அவரே ஒப்புக்கொள்கிறார் (திப 22:20).

இது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். நல்ல ஆசிரியருக்கு நல்ல மாணவர் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. கமாலியேலின் மாணவருக்கு வரி பிசகாமல் சட்டம் தெரிந்திருந்தது. சட்டத்தின் பெயரால் அடிபடுகிறவரின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தமஸ்கு சாலை வரை போக வேண்டியிருந்தது.

இன்றைய சட்டக் கல்லூரியில் அறநெறி கற்பிக்கப்படுகிறதா என்று பெற்றோர் கேட்பது உண்டு. பாடத்திட்டத்தில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி சட்டக் கல்வியின் தரத்தைக் கவனிப்பது இந்திய பார் கவுன்சிலின் பொறுப்பு. அதன் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழில் அறநெறி ஒரு கட்டாயத் தாள். ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்கள் வழங்கிய 50 முடிவுகளையும் உச்ச நீதிமன்றத்தின் 10 முக்கியமான தீர்ப்புகளையும் மாணவர் படிக்க வேண்டும். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைப்பது எப்படி, நீதிமன்றத்தில் நடந்துகொள்வது எப்படி என்பதெல்லாம் அதில் வரும். இவை தேவையானவையே. வழக்கறிஞருக்கான நடத்தை விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: கட்டணம் கொடுக்க முடியாத ஏழைக்கு இலவசமாக உதவுவது வழக்கறிஞர் சமுதாயத்துக்குச் செய்ய வேண்டிய மிக உயர்ந்த கடமைகளுள் ஒன்று என்று அவ்விதி கருதுகிறது. ஏறக்குறைய நற்செய்தி போலவே இருக்கிறது. ஆனால் ஒரு தாளை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறலாம். குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த எங்களுக்கே இது தெரியும். அந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண் வாங்குபவர்தான் நல்ல குருவாக வருவார் என்று எந்த அதிபர் தந்தையும் நம்புவதில்லை.

சரி, பிறகு எப்படித்தான் கற்பிப்பது? இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த பேராசிரியர் மாதவ மேனன். 1935-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 2019 மே 8-ஆம் நாள் காலமானார். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியை உருவாக்கியவர். 1988-இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஐந்தாண்டுகள் முழுநேரமாகச் சட்டம் படிக்கும் முறைக்கு அந்தப் பள்ளி முன்மாதிரி ஆனது. பின்னர் கொல்கத்தாவில் இன்னொரு சட்டப் பல்கலைக்கழகம், போபாலில் நீதிபதிகளுக்கான தேசிய நீதித்துறைக் கழகம் என்று அவர் கால் பதித்த இடம் பல. அவர் வலியுறுத்திய ஒன்றை நம் ஊர் மொழியில் சொல்வதானால், மருத்துவ மாணவன் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பதுபோல, சட்ட மாணவன் வழக்கோடு வந்திருக்கும் ஏழையின் அருகே உட்கார்ந்து கற்க வேண்டும். சட்ட உதவி மையம் கல்லூரியின் ஓர் ஒட்டுத் திண்ணையாக இல்லாமல் வகுப்பறையாகவே இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களின் ஊதியத்துக்குப் போய்விடுகிறார்கள், மாவட்ட நீதிமன்றப் பக்கம் வருவதில்லை என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனாலும் அவர் காட்டிய வழி சரியான வழி என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் கோணத்தில் பார்த்தால், புதுப்பாக்கத்துக்குக் கல்லூரி வந்ததில் இழப்பும் உண்டு, வாய்ப்பும் உண்டு. உயர் நீதிமன்றத்தின் வாசலிலேயே படித்த மாணவர்கள் அதைவிட்டு விலகி வந்தது இழப்பு. அவர்கள் போராடியதில் நியாயம் இருந்தது. ஆனால் இங்கே சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தலைமுறைகளாகக் குடியிருந்தும் மனைக்குப் பட்டா இல்லாத மீனவக் குடும்பங்கள். சாதிச் சான்றிதழுக்கு அலையும் இருளர்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைக்கிறவர்கள். கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஏட்டில் ஒழிந்தது சூளையிலும் ஒழிய, யாராவது அங்கே போய்ப் பார்த்து மனு எழுத வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றி 1991, 2011, 2019 என்று மூன்று முறை அறிவிக்கைகள் வந்தன. நம் கடலோர மக்களில் எத்தனை பேருக்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று யாராவது விளக்கிச் சொல்லியிருப்பார்கள்? மேனன் கேட்ட வகுப்பறை கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் திறந்து கிடக்கிறது. பேராசிரியர்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு வர வேண்டும். அதுதான் அவர்களிடம் எதிர்பார்க்கப்படும் தலைமை. மோசேக்கு அவருடைய மாமனார் இத்திரோ சொன்ன அறிவுரையும் இதுவே: முதலில் மக்களுக்குச் சட்டங்களைக் கற்பித்து நடக்க வேண்டிய வழியைக் காட்டு, பிறகு திறமையும் இறையச்சமும் நாணயமும் உள்ளவர்களாக, கையூட்டை வெறுப்பவர்களாகப் பார்த்துத் தலைவர்களைத் தேர்ந்தெடு (விப 18:20-21).

பெற்றோரிடம் ஒன்று வெளிப்படையாகப் பேச வேண்டும். "அடுத்த மாநிலத்துல ஒரு காலேஜ் இருக்கு ஃபாதர். பணம் கட்டினா போதும், அட்டெண்டன்ஸ் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. பரிட்சைக்கு மட்டும் போனா போதும்" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. வகுப்பறையையே பார்க்காமல் சட்டப் பட்டம் வாங்கி வருவதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் கடுமையாகப் பேசியது. வராத பிள்ளை வந்ததாகப் பதிவேட்டில் எழுதுவது பொய்ச் சான்று. பொய்ச் சான்று சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. பொய்ச் சான்று சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்வதுதான் வழக்கறிஞரின் தொழில். தானியேல் நூலில் சூசன்னாவின் வழக்கை நினைத்துப் பாருங்கள் (தானி 13). இளைஞன் தானியேல் இரண்டு முதியவர்களையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்கிறான். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொல்கிறார்கள். அவள் உயிர் பிழைக்கிறது. இதை நம் பிள்ளை நாளை செய்ய வேண்டுமென்றால், அவனுடைய சொந்தப் பட்டமே எந்த மரத்தடியில் கிடைத்தது என்று கேட்டால் விழிக்காமல் பதில் சொல்லக்கூடியவனாக இருக்க வேண்டாமா? அந்த வகைக் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் காப்பி கொடுத்து அனுப்புவேன், கடிதம் கொடுப்பதில்லை.

திருச்சபையில் சட்டம் கற்ற புனிதர்கள் பலர். குருக்களாகிய நாங்கள் மறையுரையில் அதிகம் சொல்வது புனித அல்போன்ஸ் லிகோரியை. பதினாறு வயதில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று, நேப்பிள்ஸ் நகரில் புகழோடு வாதாடி, 1723-இல் ஒரு பெரிய வழக்கில் தோற்றதும் நீதிமன்றத்தை விட்டே வெளியேறி, பின்னர் இரட்சகர் சபையை நிறுவியவர். அருமையான வாழ்வு. ஆனால் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், வழக்கறிஞர் புனிதராக வேண்டுமென்றால் தொழிலை விட வேண்டும் என்று இளைஞர்கள் எண்ணிவிடக்கூடும். எனக்குப் பிடித்தவர் பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த புனித ஈவோ. பாரிசிலும் ஓர்லியன்சிலும் சட்டம் படித்தவர்; குருவாகவும் ஆயர் மன்றத்தின் நீதிபதியாகவும் இருந்துகொண்டே ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வழக்காடியவர். 1303-இல் இறந்தார், 1347-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார், மே 19 அவர் திருநாள். வழக்கறிஞராக இருந்தும் திருடராக இல்லையே என்று மக்கள் அவரைப் பற்றி வியந்து பாடினார்களாம்! வழக்கறிஞர் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். அது அந்தக் காலத்துக் கிண்டல். புனித தாமஸ் மூரை நமக்குத் தெரியும். அவரும் இலண்டனில் சட்ட மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர்தான். மன்னர் விரும்பியதற்குத் தலையாட்டாமல், 1535 ஜூலை 6 அன்று தலையையே கொடுத்தார். அரசியல் தலைவர்களின் பாதுகாவலராக அவரைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2000-ஆம் ஆண்டில் அறிவித்தார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், நம் காலத்திலேயே ஒருவரைச் சொல்லலாம். 2021-இல் 'ஜெய் பீம்' திரைப்படத்தை நம் இளைஞர்கள் பார்த்திருப்பார்கள். 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத கணவனைத் தேடிய ஓர் ஏழைப் பெண்ணுக்காக ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்து, கட்டணம் வாங்காமல் வாதாடியவர் சந்துரு என்ற வழக்கறிஞர். அவர் 2006-இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 'மை லார்டு' என்று தம்மை அழைக்க வேண்டாம் என்றார். 2013-இல் ஓய்வு பெற்ற அன்று அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீடு திரும்பினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். சமாரியரும் யூதர் அல்லர் என்பதை உவமையைக் கேட்ட அந்தச் சட்ட அறிஞர் கசப்போடு கவனித்திருப்பார்.

நம் பங்குகளிலிருந்து சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் கல்லூரி எதைக் கற்பித்தாலும் கற்பிக்காவிட்டாலும், ஒரு வகுப்பறையை நாம் கொடுக்க முடியும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், தொழிலாளர்களுக்கும், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் வருமானத்தைப் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 2004 சுனாமியைக் கண்ட நம் கடற்கரையில் எத்தனை பேர் இந்தப் பிரிவின் கீழ் வருகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். பலர் கேட்பதில்லை, மனுவில் என்ன எழுதுவது என்று தெரியாததால் புரோக்கரிடம் போய்விடுகிறார்கள்.

ஆகவே பங்குப் பேரவையில் பேசி ஒன்று முடிவு செய்திருக்கிறோம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலைத் திருப்பலிக்குப் பிறகு, நம் பங்கின் சட்ட மாணவர்கள் மறைக்கல்வி அறையில் மேசை போட்டு உட்காருவார்கள். எந்தச் சமயத்தவரும் வரலாம். மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு இன்னும் உரிமை இல்லை. அதை உடனிருக்கும் வழக்கறிஞர் சொல்வார். கேட்டதை வெளியே யாரிடமும் பேசக் கூடாது என்பது அவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் முதல் பாடம். வருகிறவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வீட்டு வரி ரசீது, பழைய பத்திரம் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கொண்டு வரவும். எதுவும் கையில் இல்லாதவர்களும் தயங்காமல் வரலாம்.